இன்னும் ஒருத்தர் வரணும்

அத்தியாயம் 14

கூட்டம் மூன்று மணிக்குத்தான். தம்பி காலை ஏழு மணிக்கே சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

தம்பி என்றால் அக்காவுக்கு மட்டும் தம்பி இல்லை. அம்மாவுக்கும் தம்பிதான். இப்போதுதான் பேசப் பழகும் எதிர் வீட்டுக் குழந்தைக்கும் தம்பிதான். வயது என்னவோ நாற்பத்தொன்று. காதோரம் நரைத்துவிட்டது. பிறந்த சில மாதங்களிலேயே, "இவன் எல்லாத்தையும் மெதுவாத்தான் கத்துக்குவான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். "மெதுவாத்தானே, வந்து சேரட்டும்" என்றாராம் அப்பா. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது.

போன சனிக்கிழமையிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம், மாமா.

தம்பியைப் போன்ற பெரியவர்களுக்காகச் சபையில் சனிக்கிழமைதோறும் ஓர் ஐக்கியம் கூடுகிறது. பாட்டு, ஜெபம், ஒரு சின்னக் கதை, பிறகு டீ. இரண்டு வருஷமாகத் தம்பி ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அங்கிருந்து ஏழு பேரை இந்த ஞாயிற்றுக்கிழமை, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் திருவிருந்து மேசைக்கு அழைக்கலாம் என்று போதகர் முடிவு செய்தார். அதற்குச் சபைப் பெரியவரான மூப்பர் ஒருவர் அவர்களிடம் நாலு கேள்வி கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மூப்பர், அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்.

ஆறு பேர் எப்படியோ பதில் சொல்லித் தேறிவிட்டார்கள். தம்பி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"இன்னொரு தரம் கேக்கறேன். அதுக்கு மேல யாரும் என்னை வற்புறுத்தக் கூடாது. தங்கச்சி பையன்னு கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க," என்று சொல்லிவிட்டு மாமா போனை வைத்தார்.

அந்த இன்னொரு தரம், இன்றைக்கு.

*

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அக்காவுக்கு. அரை நாள் லீவு போட்டுவிட்டு நேராக அம்மா வீட்டுக்கு வந்தாள். அம்மா அடுப்படியில், ஏற்கெனவே பளபளவென்று இருந்த அடுப்பை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்பலையாம்மா?"

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. எனக்குத் தலை வலிக்குது."

"உனக்குச் சனிக்கிழமைன்னா தலை வலிக்குது. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அம்மா துணியைப் பிழிந்தாள். "விட்டுடேன்டி. இருபத்திரண்டு வருஷமா திருவிருந்து இல்லாமத்தானே இருந்தான். இனிமேலும் இருப்பான். அவனுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"அவனைக் கேட்டியா?"

அம்மா மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பினாள். அக்காவுக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. "எல்லாம் மாமா பண்றது. அன்னைக்கும் அவர்தான் வேண்டாம்னார். இன்னைக்கும் அவர்தான் குறுக்க நிக்கறார். நீ உங்க அண்ணனை ஒரு வார்த்தை கேட்க மாட்டே."

அம்மா பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தாள்.

இதற்குள் தம்பி உள்ளே வந்தான். கையில் அம்மாவின் செருப்பு. அவள் காலடியில் வைத்தான். இடமும் வலமும் மாறியிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தான். மாற்றி வைத்தான்.

"அம்மா வரணும்."

"அம்மாவுக்குத் தலைவலிடா."

"அங்க மாத்திரை இருக்கு. சிஸ்டர் வச்சிருக்காங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு மேல் என்ன சாக்குச் சொல்வது? கை துடைத்துக்கொண்டு தலை வாரப் போனாள்.

*

ஐக்கியம் கூடுகிற அறை, ஆலயத்துக்குப் பின்னால் இருந்தது. மெழுகு போட்டுத் துடைத்த மரத்தரை. வட்டமாக இருபது நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும், உட்காருகிறவரின் போட்டோ ஒட்டியிருந்தது. படிக்கத் தெரியாதவர்களும் தங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா.

வீட்டில் தம்பியாக இருக்கிறவன் இந்த வாசலைத் தாண்டினால் தலைவர். அப்படித்தான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். கதவைத் திறந்து விடுவது, குடை வாங்கி வைப்பது, யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று பார்ப்பது, எல்லாம் அவன் பொறுப்பு.

"வாங்க தலைவரே," என்றார் சிஸ்டர். ஐக்கியத்தை நடத்துகிறவர். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அம்மாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க வந்ததுல எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தலைவலிக்கு மாத்திரை வேணுமாமே?"

தம்பி அதற்குள் சொல்லிவிட்டிருந்தான்.

மாமா சரியாக மூன்று மணி மூன்று நிமிஷத்துக்கு வந்தார். இரண்டு கையிலும் இரண்டு கைக்கடிகாரம் கட்டியிருக்கும் ஒரு பெண் எழுந்து நின்று, "மூணு நிமிஷம் லேட்," என்றாள். எல்லாரும் அவளைக் கடிகாரக்காரி என்பார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான்.

"பஸ் லேட்டும்மா," என்றார் மாமா. முப்பத்தைந்து வருஷம் நிலம் அளந்த சர்வேயர் அவர். ஓர் அங்குலம் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து அளக்கிறவர். அக்குளில் ஒரு ஃபைல், ஃபைலுக்குள் டைப் அடித்த நாலு கேள்வி.

"முதல்ல டீ குடிங்களேன்," என்றார் சிஸ்டர்.

"முதல்ல வேலை."

*

பாடகர் குழுவின் அங்கிகள் தொங்கும் பக்கத்து அறையில் மாமா ஒரு பக்கம், தம்பி எதிர்ப் பக்கம். அக்கா சுவரோரம். "நீ எடுத்துக் கொடுக்கக் கூடாது," என்று மாமா முதலிலேயே சொல்லிவிட்டார். அம்மா அந்த அறைக்கே வரவில்லை. கப் கழுவுகிறேன் என்று சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

"மாப்ளே, அப்பமும் ரசமும் எதைக் குறிக்குது? நாம எதுக்காக அதை நினைவுகூர்றோம்?"

தம்பி ஃபைலைப் பார்த்தான். "கிளிப்பு நல்லா இருக்கு."

"கிளிப்பு இருக்கட்டும். கேள்விக்குப் பதில் சொல்லு."

தம்பி ஜன்னலைப் பார்த்தான். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. மாமா இரண்டாவது கேள்வி கேட்டார். அதன்பின் மூன்றாவது. தம்பியின் விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கின. பயம் வந்தால் அவன் அப்படித்தான் செய்வான்.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. "மாமா, நான் எடுத்துக் கொடுக்கலை. ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். கடைக்கு வர்றவங்ககிட்ட 'உங்க பார்வையில என்ன கோளாறு, விளக்கமா சொல்லுங்க'ன்னு நாங்க கேக்க மாட்டோம். இந்தக் கண்ணாடியில தெளிவா இருக்கா, அந்தக் கண்ணாடியில தெளிவா இருக்கான்னுதான் கேப்போம். எழுத்தே தெரியாதவங்ககூட கரெக்டா சொல்லிடுவாங்க."

"இது கண்ணாடி வியாபாரம் இல்லம்மா."

"கேக்கற விதம்னு ஒண்ணு இருக்கில்ல?"

மாமா வேதப்புத்தகத்தைத் திறந்து, பென்சிலால் கோடு போட்ட இடத்தைக் காட்டினார். "என்ன ஏதுன்னு அறியாம இந்த மேசைக்கு வர்றவன் தனக்கே கேடு தேடிக்கறான்னு இங்க எச்சரிச்சிருக்கு. இதை நானா எழுதினேன்? நாளைக்கு இவனுக்கு ஒண்ணுன்னா நான் பதில் சொல்ல வேண்டாமா?"

அவர் குரலில் பிடிவாதம் மட்டும் இல்லை, கொஞ்சம் பயமும் இருந்தது. அக்கா அதை அன்றைக்குத்தான் கவனித்தாள்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. தம்பி சட்டென்று எழுந்தான். "பாட்டுக்காரர்," என்றான். அப்படியே கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான்.

நாலாவது கேள்வி பாதியில் நின்றது. மாமா ஃபைலை மூடினார். "பாத்தியா? நான் என்ன செய்யட்டும், சொல்லு."

*

பாட்டுக்காரருக்குப் பேச்சு வராது. ஆனால் ஒரு தரம் கேட்ட பாட்டை அப்படியே முனகிவிடுவார். சக்கர நாற்காலியில்தான் வருவார். இன்றைக்கு வேனிலிருந்து நாற்காலியை இறக்கும் பலகை பாதியில் சிக்கிக்கொண்டது. டிரைவர் தரையில் மண்டியிட்டு ஸ்பேனரோடு போராடினார். திறந்த கதவு வழியாகத் தூறல் உள்ளே அடித்தது. தம்பி ஒரு குடையைக் கொண்டுபோய்ப் பாட்டுக்காரரின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முதுகு நனைந்துகொண்டிருந்தது.

போகும்போது மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறை வாசலில் நின்று, போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை உயர்த்திவிட்டுப் போயிருந்தான்.

"இன்னும் ஒருத்தர் வரணும்."

அவ்வளவுதான். பத்தொன்பது பேருக்கும் முன்னால் டீ இருந்தது, பிஸ்கட் இருந்தது. ஒருவரும் தொடவில்லை.

மாமா காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை போலிருக்கிறது. வட்டத்துக்கு வந்து உட்கார்ந்ததும் ஒரு பிஸ்கட்டை எடுத்தார்.

"தலைவர் இன்னும் சொல்லலை," என்றாள் கடிகாரக்காரி.

மாமா சுற்றிலும் பார்த்தார். பத்தொன்பது ஜோடிக் கண்கள் அவர் கையையே பார்த்தன. பிஸ்கட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

*

அக்கா சமையல்கட்டுக்குப் போனாள். அம்மா குழாயடியில் நின்றிருந்தாள். கப் எல்லாம் எப்போதோ கழுவியாகிவிட்டது.

"முடிஞ்சுதும்மா. போட மாட்டேங்கறார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி சொன்ன அதே பாட்டுத்தான். எனக்கு அவர் முகத்தைப் பாக்கவே பிடிக்கலை."

அம்மா குழாயை மூடினாள்.

"அவர் இல்லடி. நான்தான்."

"என்ன நீதான்?"

"அவனுக்குக் குடுக்க வேண்டாம்னு சொன்னது நான்தான்." அம்மா ஒரு கப்பை எடுத்துத் துடைத்தாள். "உனக்கு அப்போ வெளியூர்ல படிப்பு. அவனுக்குப் பத்தொன்பது வயசு. முதல் தரம் வரிசையில உக்காந்திருந்தான். ரசக் கிண்ணம் கையில வந்ததும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கலை. சிரிச்சான். சத்தமா சிரிச்சான். கிண்ணம் கவுந்து வெள்ளைத் துணியெல்லாம் சிவப்பு. மொத்த ஆலயமும் திரும்பிப் பாத்துது. எனக்கு அங்கேயே செத்துடலாம் போல இருந்துது."

அக்கா கிட்டே வந்தாள்.

"அன்னைக்கே அண்ணன்கிட்ட போய், இனிமே இவனுக்குக் குடுக்காதீங்க, யாராவது கேட்டா சபை விதின்னு சொல்லிடுங்கன்னு கெஞ்சினேன். அப்பாகிட்டகூட நான் சொல்லலை. அண்ணன் மேல பழி போகும்னு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். சரின்னுட்டார்."

"அப்புறம் இன்னைக்கு ஏன் அவரே..."

"சொல்லிச் சொல்லி அவருக்கே அது விதியாயிடுச்சுடி. நான் கிளப்பி விட்டது. இப்ப நானே நிறுத்தச் சொன்னாலும் நிக்காது."

அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் அம்மா அந்தக் கப்பை விடாமல் துடைத்துக்கொண்டே இருந்தாள். அக்கா அதை மெதுவாக வாங்கி அலமாரியில் வைத்தாள்.

"வாம்மா. டீ ஆறிடும்."

*

இருபது நிமிஷம் கழித்துப் பலகை இறங்கியது. தம்பி சக்கரங்களைப் பழந்துணியால் துடைத்தான். மெழுகுத் தரை அழுக்காகக் கூடாது. பாட்டுக்காரரை அவர் போட்டோ இருக்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினான். ஒரு பிஸ்கட்டை இரண்டாக உடைத்தான். ஒரு பாதியை அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டான். அவர் வாய்க்குப் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு நிமிர்ந்தான்.

"இப்ப சாப்பிடலாம்."

அறை முழுக்கக் கலகலவென்று சத்தம். டீ ஆறிப்போயிருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. பாட்டுக்காரர் ஏதோ ஒரு பாட்டை முனக ஆரம்பித்தார்.

மாமா மட்டும் சாப்பிடவில்லை. வேதப்புத்தகம் மடியில் திறந்திருந்தது. பென்சில் கோட்டிலிருந்து அவர் விரல் கீழே இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்ன மாமா?" என்றாள் அக்கா.

"அதே பக்கம்தான்மா. எச்சரிக்கையோட நான் நின்னுடுவேன். நாலு வரி கீழ, சாப்பிடக் கூடி வரும்போது ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருங்கன்னு இருக்கு. எத்தனை தரம் படிச்சிருப்பேன். கண்ணு வழுக்கிக்கிட்டுப் போயிருக்கு."

எழுந்துபோய்த் தம்பியின் பக்கத்தில் ஒரு காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஃபைலை எடுத்துவரவில்லை.

"மாப்ளே, நாளைக்கு நீ மேசைக்கிட்ட வர்றியா? இல்ல, அம்மா பக்கத்துலயே உக்காந்திருக்கியா?"

தம்பி யோசித்தான். யோசிக்க அவனுக்கு நேரம் ஆகும். மாமா காத்திருந்தார்.

"வர்றேன்," என்றான். "எல்லாருக்கும் தட்டு வருது. எனக்கு மட்டும் தாண்டிப் போகுது."

"தாண்டிப் போகக் கூடாதா?"

"நானும் இயேசுவோட ஆளுதானே, மாமா."

மாமா கைக்குட்டையைத் தேடினார். கிடைக்கவில்லை. கடிகாரக்காரி ஒரு காகித நாப்கினை நீட்டினாள்.

அம்மா பின்னாலேயே நின்றிருந்தாள். நெஞ்சில் இருந்ததை இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தம்பிக்கு முன்னால் வந்து குனிந்தாள்.

"தம்பி, தட்டு தாண்டிப் போகச் சொன்னது நான்தான்டா. மாமா இல்லை. அம்மாதான் தப்புப் பண்ணிட்டேன்."

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"நான் சிந்திட்டேன்," என்றான். "துணியில சிந்திட்டேன். அதான்."

இத்தனை வருஷமும் அவன் அதை மறக்கவில்லை. காரணமும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

"இப்ப சிந்த மாட்டேன்மா. இங்க நான்தான் எல்லாருக்கும் டீ குடுக்கறேன். சிஸ்டரைக் கேளு."

"சிந்தினா சிந்தட்டும்டா," என்றாள் அம்மா. "துணிதானே. துவைச்சுக்கலாம்."

தம்பி அவள் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தான். அவன் ஆறுதல் சொல்லும் விதம் அது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே அதைத் தின்றாள்.

*

மாமா கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுத் தேதியைச் சரிபார்த்தார். நேரத்தைக் கடிகாரக்காரியிடம் கேட்டு அதையும் எழுதினார்.

அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். "மாமா, அம்மா எல்லாம் சொல்லிட்டா. நான் இத்தனை வருஷமா உங்களை..."

"சொல்லிட்டாளா?" மாமா பேனாவை மூடினார். "நீ என்னை முறைச்சுப் பாத்தே எனக்குப் பழகிப்போச்சும்மா. திடீர்னு நிறுத்திடாதே, உடம்புக்கு ஒத்துக்காது."

அக்கா சிரித்தாள். மாமாவும் சிரித்தார். அவர் பிஸ்கட் அப்படியே இருந்தது. அவளே எடுத்துக் கொடுத்தாள்.

ஐந்து மணிக்கு எல்லாரும் கிளம்ப ஆரம்பித்தார்கள். தூறல் விட்டு வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. தம்பி அம்மாவைக் கைப்பிடித்துக் காருக்கு அழைத்துப் போனான். அக்கா நாற்காலிகளை அடுக்க நின்றாள்.

"ஒரு நிமிஷம்," என்று சிஸ்டர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். கையில் ஒரு கவர். "இதை உங்ககிட்ட மட்டும் காட்டலாம்னு தலைவர் சொன்னார்."

அடுத்த தெருவில் சபைக்கு ஒரு வீடு இருந்தது. ஐக்கியத்தைச் சேர்ந்த மூன்று பேர் அங்கே சேர்ந்து குடியிருக்கிறார்கள். ராத்திரித் துணைக்கு ஒருவர், சமையலுக்கு ஒருவர். பாட்டுக்காரரும் அங்கேதான். நாலாவது அறை போன மாதம் காலியாகியிருந்தது.

கவருக்குள் விண்ணப்பத் தாள். கீழே, கோட்டுக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கி, தம்பியின் கையெழுத்து. பேனா அழுத்தியதில் தாள் ஓரிடத்தில் கிழிந்திருந்தது.

"யார் சொல்லி இதுல..."

"யாரும் சொல்லலை. அந்த வீட்டை அவரே மூணு தரம் போய்ப் பாத்துட்டு வந்தார். 'எனக்கும் ஒரு ரூம் வேணும்'னார். யோசிங்கன்னு சொல்லி ஒரு மாசம் விட்டேன். மாசம் முடிஞ்ச அன்னைக்கு வந்து நின்னார்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவரே சொல்லணுமாம். நாளைக்கு, மேசைக்குப் போயிட்டு வந்த பிறகு."

அக்கா தாளை மறுபடி படித்தாள். நாற்பத்தொரு வருஷமாக அம்மா அவனை விட்டு ஓர் இரவுகூடத் தனியாகத் தூங்கியதில்லை. அவளுக்கு யார் துணை இருப்பார்கள்? இவன் அதையும் யோசித்திருப்பானா? தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

காரின் முன் சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நாளைக்குத் தம்பிக்கு எந்தச் சட்டை, நீலமா வெள்ளையா என்று திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"வெள்ளை," என்றான் தம்பி பின் சீட்டிலிருந்து.

"வெள்ளையா? கறை பட்டா?"

"துவைச்சுக்கலாம்னு நீதான் சொன்னே."

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அக்கா ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, கைப்பையை மடியோடு அணைத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்தாள்.

கண்ணாடியில் தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்குத் தெரியாமல், உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தான்.